பட்ட மரத்தில் ஒரு சமுதாயம்

சிறியதையும் பெரியதையும் ஒரே வல்லமையால் படைத்து, ஒரே கருணையால் பரிபாலித்து வரும் அல்லாஹுத் தஆலாவைப் புகழ்ந்து, அகிலத்தாருக்கெல்லாம் அருட்கொடையாக வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் ஓதித் தொடங்குகிறோம்.

இம்மாதம் ஓர் ஈயைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறோம். மார்க்கப் பத்திரிகையில் ஈக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். கொசுவையும் சிலந்தியையும் எறும்பையும் தேனீயையும் திருமறையில் பேசிய இறைவன் அதற்காக வெட்கப்படவில்லை. அவன் அடிமைகளாகிய நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

சுரண்டைப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு ஆனி, ஆடி மாதங்களின் அழகைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. மேற்கே குற்றாலத்து மலையில் மேகம் கவிந்து அருவிகளில் தண்ணீர் கொட்டும். இங்கே சாரல் காற்று முகத்தில் வந்து தெளிக்கும். சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் சூரியகாந்தித் தோட்டங்கள் மஞ்சள் கம்பளம் விரித்தாற்போல் பூத்து நிற்கும். வெளியூர்க்காரர்கள் வண்டி வைத்துக்கொண்டு வந்து பூவின் நடுவே நின்று படம் எடுத்துப் போகிறார்கள். படம் எடுக்கிறவர்கள் பூவைப் பார்க்கிறார்கள். பூவின் மேல் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பவர் எத்தனை பேர்?

அங்கே தேனீ இருக்கும். தேனீயைப் போலவே மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட இன்னொன்றும் இருக்கும். அது பூவுக்கு முன்னால் ஆகாயத்தில் ஆணி அடித்தாற்போல் அசையாமல் நிற்கும்; கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு முழம் தள்ளிப் போய் மறுபடியும் அப்படியே நிற்கும். கொட்டிவிடுமோ என்று பிள்ளைகள் ஓடுவார்கள். அது கொட்டாது, கொட்டுவதற்கு அதனிடம் கொடுக்கே கிடையாது. அது தேனீயும் அல்ல, குளவியும் அல்ல. வேளாண்மைத் துறையினர் அதைச் ‘சிர்பிட் ஈ’ என்கிறார்கள். நாம் எளிமையாகப் ‘பூ ஈ’ என்று சொல்லிக்கொள்வோம்.

நாம் செய்த தவறு

இந்த ஈயைப் பற்றி எழுத நமக்கு என்ன தகுதி என்று கேட்டால், தகுதி ஒன்றும் இல்லை. ஒரு தவறுதான் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த சமயம். சுற்று வட்டாரமெங்கும் டெங்குக் காய்ச்சலைப் பற்றிய பயம் பரவியிருந்தது. எங்கள் பகுதிச் சிற்றூர் ஒன்றின் மையவாடியில் மூன்று தலைமுறை கண்ட ஒரு பெரிய புளியமரம். பாதி பட்டுப் போய், அடிமரத்தில் ஆள் கையை விடும்படியான பொந்து விழுந்து, அதில் மழைத் தண்ணீர் கறுப்பாகத் தேங்கி நின்றது. மரத்தை என்ன செய்வது என்று ஜமாஅத்தார் நம்மிடம் யோசனை கேட்டார்கள். நாம் சற்றும் யோசிக்காமல், ‘முதலில் பொந்தில் மண்ணெண்ணெயை ஊற்றுங்கள்; பிறகு மரத்தை விலை பேசி விற்றுவிடுங்கள். சுற்றுச்சுவர் கட்டப் பணமாவது ஆகும்’ என்று சொல்லிவிட்டோம். மோதினார் அன்று அஸருக்குப் பிறகே ஒரு போத்தல் மண்ணெண்ணெயைக் கொண்டு போய் ஊற்றிவிட்டார்.

மறுநாள் மதரஸாப் பிள்ளைகள் சிலர் குச்சியை விட்டு அந்தப் பொந்தைக் கிளறியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் செத்த புழுக்களை ஒரு சிரட்டையில் எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்து, ‘ஹஜ்ரத்! இது கொசுப்புழு மாதிரி இல்லையே, இதுக்கு வால் இருக்கே’ என்றான். பார்த்தோம். கொசுப்புழு நூல் போல் மெலிந்து, நெளிந்து நெளிந்து நீந்தும். இது தடித்து, வெளுத்து, பின்னால் ஒரு வால் நீண்டு கிடந்தது. என்னவென்று நமக்குத் தெரியவில்லை. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: ‘இது பூ ஈ இனத்தின் குஞ்சு. இந்தப் பின்பக்கத்து வால்தான் இதற்கு மூக்கு. உடம்பு தண்ணீருக்குள் கிடக்க, வாலை மட்டும் மேலே நீட்டி மூச்சு விடும். நீங்கள் எண்ணெயை மேலே பரப்பி அந்த மூச்சை அடைத்துவிட்டீர்கள். கொசுவைக் கொல்லப் போய், கொசுவோடு இதையும் கொன்றிருக்கிறீர்கள்.’

அந்தப் பையன் நம்மைக் கேட்ட கேள்வி இன்றும் காதில் ஒலிக்கிறது. ‘ஹஜ்ரத்! இதுவும் தஸ்பீஹ் செய்யுமா?’

பூ ஈயின் பிழைப்பு

அந்த நண்பர் சொன்னதும், பிறகு நாம் தேடிப் படித்ததும் நம்மை வியப்பில் ஆழ்த்தின. உலகில் ஏறத்தாழ 6,000 வகைப் பூ ஈக்கள் அறியப்பட்டிருக்கின்றன. தேனீக்கு நான்கு சிறகு. இதற்கு இரண்டே சிறகு. பின் சிறகுகள் இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற இரண்டு சிறு தண்டுகள். அவைதாம் அது அந்தரத்தில் நிலை தடுமாறாமல் நிற்க உதவும் துலாக்கோல். கொடுக்கு இல்லாத பலவீனமான பிராணிக்குக் கொடுக்கு உள்ளவற்றின் சட்டையை அணிவித்து, பறவைகளிடமிருந்து அதைக் காத்து வைத்திருக்கிறான் இறைவன். ஸுப்ஹானல்லாஹ்!

பெரிய ஈக்கள் பூவிலிருக்கும் தேனையும் மகரந்தத்தையும் உண்டு, ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் சேர்த்துக் காய் பிடிக்க உதவுகின்றன. ஆனால் அவற்றின் குஞ்சுகளுக்கு அந்த மறுமை இல்லை. இனத்துக்கு இனம் வேறு வேறு உணவு. சில இனங்களின் புழுக்கள் அவரையிலும் தட்டைப்பயறிலும் பருத்தியிலும் அப்பிக் கிடக்கும் அசுவினியைத் தின்று வளர்கின்றன. ஒரே புழு தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தீர்த்துவிடும். கூலி கேட்காத வேலைக்காரன்! வேறு சில இனங்களின் புழுக்கள் சாக்கடைத் தண்ணீரிலே கிடந்து அழுக்கைத் தின்னும். இன்னும் சில, வயதான மரத்தின் பொந்திலும் அழுகிய அடிமரத்திலும் மட்டுமே வாழும். மரம் இளமையாக இருந்தால் அவற்றுக்கு வீடு இல்லை. மரம் முதுமை அடைந்து, உள்ளே உளுத்து, நம் கண்ணுக்கு ‘இனி ஒன்றுக்கும் உதவாது’ என்று ஆன பிறகுதான் அவற்றுக்கு வாசல் திறக்கிறது.

பைன் காட்டில் ஒரு படிப்பினை

இப்படி முதிய மரத்தை நம்பி வாழும் ஈக்களில் ஒன்றின் கதை நம்மை உறங்கவிடவில்லை. கொடைக்கானலுக்குப் போனவர்கள் அங்கே பைன் மரக்காட்டைப் பார்த்திருப்பீர்கள். அது வெள்ளையர் காலத்தில் நட்டு வளர்த்த காடு. ஆனால் பிரிட்டனின் வடபகுதியான ஸ்காட்லாந்தில் பைன் மரம் சொந்த மண்ணின் மரம். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அங்கே பைன் காடு இருந்து வந்தது. மனிதன் வெட்டினான், விற்றான், நிலமாக்கினான். முன்னிருந்த காட்டில் இன்று மிஞ்சியிருப்பது மிகச் சிறு பகுதிதான்.

அந்தக் காட்டிலே ஒரு பூ ஈ. கரிய உடல், வயிற்றின் நுனி மட்டும் செம்மை. ‘பைன் பூ ஈ’ என்பது அதன் பெயர். அறிவியலார் ‘பிளெரா ஃபாலக்ஸ்’ என்பார்கள். அதன் புழு எங்கே வாழ்கிறது தெரியுமா? பெரிய பைன் மரம் ஒன்று விழுந்தோ வெட்டுண்டோ போன பிறகு நிற்கும் அடிக்கட்டையில். அந்தக் கட்டையின் நடுப்பகுதியை ஒரு வகைக் காளான் உளுக்கச் செய்ய வேண்டும். குழி விழ வேண்டும். குழியில் மழைநீர் தேங்கி ஊற வேண்டும். அந்த ஈர மரக்கூழில் இருக்கும் நுண்ணுயிர்களைத் தின்று அந்தப் புழு வளரும். வசந்தம் வந்ததும் கூடு கட்டி, கோடையின் தொடக்கத்தில் சிறகு முளைத்து வெளியே வந்து, பூக்களில் தேன் குடித்து, மறுபடியும் ஓர் உளுத்த கட்டையைத் தேடும். மெலிந்த கட்டை ஆகாது. பருத்த மரத்தின் கட்டையே வேண்டும்.

மனிதர்கள் முதிர்ந்த மரங்களை வெட்டி எடுத்துவிட்டார்கள். புதிதாக நட்ட மரங்களையும் முதுமை அடையுமுன்னே வெட்டிவிட்டார்கள். கிடந்த கட்டைகளையும் ‘குப்பை’ என்று அகற்றிச் சுத்தம் செய்தார்கள். விளைவு? கெய்ர்ன்கார்ம்ஸ் மலைப் பகுதியின் ஓரிரு இடங்கள் நீங்கலாக, பிரிட்டன் முழுவதிலும் அந்த ஈ இல்லாமற் போயிற்று. அங்கும் பல ஆண்டுகள் ஒரு பெரிய ஈயைக்கூடக் கண்ணால் காண முடியவில்லை. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வேறு நாடுகளில் அந்த இனம் இருக்கிறதென்றாலும், அந்த மண்ணில் அதன் மூச்சு நிற்கும் நிலை வந்துவிட்டது.

பிறகு அங்குள்ளவர்கள் விழித்துக்கொண்டார்கள். எந்த ரம்பத்தால் மரத்தை அறுத்தார்களோ அதே ரம்பத்தால் அடிக்கட்டைகளில் குழி வெட்டினார்கள். குழியில் மரத்தூளும் மரச் சிராய்களும் போட்டு மழைநீர் தேங்க விட்டார்கள். ஸ்காட்லாந்து அரச விலங்கியல் சங்கத்தார் தங்கள் ஹைலண்ட் வனவிலங்குப் பூங்காவில் அந்தப் புழுக்களைப் பிள்ளைகளைப் போல் வளர்த்துக் கொண்டு வந்து காட்டில் விட்டார்கள். 2022-ஆம் ஆண்டு, பல ஆண்டுகளுக்குப் பின் முதன் முறையாகப் பெரிய ஈக்கள் அந்தக் காட்டில் காணப்பட்டன.

இதைப் படித்ததும் நமக்கு வெட்கமாக இருந்தது. எங்கோ கடல் கடந்து இருக்கிறவர்கள் ஓர் ஈயின் குஞ்சுக்காக மரத்தில் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். திருமறையை நெஞ்சில் சுமக்கும் நாம், இறைவன் தானாகக் கொடுத்த பொந்தில் மண்ணெண்ணெயை ஊற்றினோம்.

திருமறை காட்டும் சிற்றுயிர்கள்

அருள்மறையின் பக்கம் திரும்புவோம். ஸூரத்துல் பகராவின் 26-ஆம் வசனத்தில், கொசுவையோ அதற்கு மேற்பட்டதையோ உவமையாகச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று வருகிறது. விசுவாசிகள் அதை உண்மையென்று அறிவார்கள். மறுப்பவர்களோ இதனால் அல்லாஹ் என்ன நாடுகிறான் என்று ஏளனமாகக் கேட்பார்கள் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. ‘ஒரு புழுவினால் என்ன பிரயோசனம்?’ என்று கேட்கும் நம் நாவு அப்போது எந்தக் கூட்டத்தாரின் நாவாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஸூரத்துல் ஹஜ்ஜின் 73-ஆம் வசனத்தில் ஈயே உவமையாக வருகிறது. அல்லாஹ்வையன்றி மக்கள் அழைப்பவை யாவும் ஒன்றுகூடினாலும் ஓர் ஈயைப் படைக்க முடியாது. ஈ அவற்றிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டு போனால் அதைத் திரும்பப் பெறவும் முடியாது என்பது அதன் கருத்து. இன்று ஆகாயத்தில் கப்பல் விடுகிறோம்; சந்திரனில் கலம் இறக்குகிறோம். ஸ்காட்லாந்தில் அவ்வளவு பாடுபட்டார்களே, ஓர் ஈயைப் படைத்தார்களா? இல்லை. மிஞ்சியிருந்த ஈயின் குஞ்சுகளைத்தான் வளர்த்தார்கள். கடைசி ஈயும் போயிருந்தால் உலகத்து அறிவெல்லாம் கூடினாலும் ஒன்றைச் செய்து கொடுத்திருக்க முடியாது. படைக்கத் தெரியாதவனுக்கு அழிக்க மட்டும் இத்தனை அவசரம் ஏன்?

ஸூரத்துல் அன்ஆமின் 38-ஆம் வசனம், பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறது. ‘உம்மத்’ என்ற சொல்லின் பன்மையை அங்கே இறைவன் பயன்படுத்துகிறான். நாம் உம்மத் என்றால் அவையும் உம்மத்துக்கள். நமக்கு மஹல்லா இருப்பதுபோல் அவற்றுக்கும் மஹல்லா உண்டு. ஒன்றின் மஹல்லா ஓர் உளுத்த கட்டையாக இருந்தால் அது அற்பமாகிவிடாது. ஸூரத்து ஹூதின் 6-ஆம் வசனத்தின்படி, பூமியிலுள்ள ஒவ்வோர் உயிரின் உணவும் அல்லாஹ்வின் பொறுப்பு. அது தங்கும் இடத்தையும் அவன் அறிவான். நம் கண்ணுக்குத் தெரியாத பொந்து, அவன் கணக்கில் விலாசம் உள்ள வீடு.

பட்ட மரத்தில் வாழும் சிற்றுயிருக்கு ஒரு சரித்திரமே உண்டு. ஸூரத்து ஸபாவின் 14-ஆம் வசனத்தை ஓதியிருப்பீர்கள். ஸுலைமான் நபி (அலை) அவர்கள் தம் கைத்தடியில் சாய்ந்தபடியே வபாத்தானார்கள். ஜின்கள் அதை அறியாமல் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருந்தன. பூமியின் சிறு பிராணி ஒன்று அந்தத் தடியை அரித்தது. தடி உளுத்து, திருமேனி கீழே சாய்ந்தபோதுதான், மறைவானவற்றை அறியும் ஆற்றல் தமக்கு இல்லை என்று ஜின்கள் உணர்ந்தன. காய்ந்த மரத்தை அரிக்கும் ஒரு பூச்சி, ஜின்களின் பெருமையை உடைத்தது! இறைவனின் ராஜ்யத்தில் வேலையில்லாத படைப்பு எது?

எறும்பும் நமக்குப் பாடம் சொல்கிறது. ஸூரத்துந் நம்லில், ஸுலைமான் நபியின் சேனை வருவதைக் கண்ட எறும்பு தன் கூட்டத்தாரைப் புற்றுக்குள் போகச் சொல்கிறது. அவர்கள் அறியாமலே நம்மை மிதித்துவிடுவார்கள் என்று எச்சரிக்கிறது. ‘அறியாமலே’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். எறும்பு நம்மீது நல்லெண்ணம் வைக்கிறது. வேண்டுமென்று மிதிக்கமாட்டார்கள், தெரியாமல் மிதித்துவிடுவார்கள் என்கிறது. அதைக் கேட்ட நபி (அலை) அவர்கள் புன்னகை செய்து, இறைவனுக்கு நன்றி செலுத்தும் பாக்கியத்தை வேண்டி துஆச் செய்தார்கள். நாமும் அன்று அறியாமலே ஊற்றினோம். ஆனால் அந்தப் பையன் சிரட்டையைக் காட்டிய பிறகு ‘அறியவில்லை’ என்று சொல்ல நமக்கு வழியில்லை.

புகாரியிலும் முஸ்லிமிலும் ஒரு ஹதீஸ் உண்டு. முன்சென்ற நபிமார்களில் ஒருவரை ஓர் எறும்பு கடித்தது. அவர் அந்த எறும்புப் புற்றையே எரிக்கச் செய்தார். ஓர் எறும்பு கடித்ததற்காக, இறைவனைத் துதித்துக்கொண்டிருந்த ஒரு சமுதாயத்தையே எரித்தீரே என்று அல்லாஹ் அவரைக் கண்டித்தான். பையன் கேட்ட கேள்விக்கு இதோ பதில். ஆம் மகனே! அவையும் தஸ்பீஹ் செய்கின்றன. அதன் முறை நமக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான்.

அழுத மரம்

பட்ட மரம், வெட்டிய கட்டை என்று அலட்சியமாகப் பேசும்போதெல்லாம் மதீனத்துப் பள்ளிவாசலை நினைவுகூர வேண்டும். அங்கே மிம்பர் செய்யப்படுமுன் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்கட்டையில் சாய்ந்து நின்று குத்பா ஓதி வந்தார்கள். அன்ஸாரிப் பெண்மணி ஒருவரின் ஏற்பாட்டில் மிம்பர் வந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அதன் மீது ஏறினார்கள். அப்போது அந்தக் கட்டை அழுதது! நிறைமாத ஒட்டகம் முனகுவது போல் அதன் ஓசை கேட்டதாக ஸஹாபாக்கள் அறிவிக்கிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் குத்பாவின் நடுவே மிம்பரிலிருந்து இறங்கி வந்து, அதைத் தம் கரத்தால் அணைத்துக்கொண்டார்கள். அழும் குழந்தை தேம்பித் தேம்பி அடங்குவது போல் அது அடங்கியது. தன்னருகே கேட்டுவந்த இறை திக்ரை இழந்ததால் அது அழுதது என்று ஹதீஸில் வருகிறது.

அன்பர்களே! அது பூத்துக் குலுங்கிய மரமல்ல. காய் தரும் மரமுமல்ல. அது ஒரு கட்டை. அதற்காகக் குத்பாவையே நிறுத்தி இறங்கி வந்த கருணைக் கடலின் உம்மத் நாம். இமாம் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸைச் சொல்லும்போது அழுவார்களாம். ஒரு மரக்கட்டையே நபியவர்களுக்காக ஏங்கியதென்றால் நீங்கள் அதைவிட அதிகமாக ஏங்க வேண்டியவர்களல்லவா என்று மக்களைப் பார்த்துக் கேட்பார்களாம். உளுத்த கட்டைக்கு உள்ள உணர்வுகூட நம் உள்ளத்துக்கு இல்லாமற் போய்விட்டதா?

அப்படியானால் கொசுவை என்ன செய்வது?

இவ்வளவையும் படித்த தாய்மார்கள், ‘எல்லாம் சரிதான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மார்க்கம் கண்ணை மூடிக்கொண்டு இரக்கப்படச் சொல்லவில்லை. தேள், எலி, வெறிநாய் போன்ற தீங்கு செய்யும் பிராணிகளைப் புனித ஹரமின் எல்லைக்குள்ளேகூடக் கொல்லலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்காக வரம்பு மீறுவதும் கூடாது என்பது மார்க்கத்தின் அடிப்படை விதி. எனவே டெங்குக் கொசுவைப் பெருகவிடுவது பாவச் செயலில் சேருமே தவிர புண்ணியமாகாது. மனித உயிரைக் காப்பது கடமை.

ஆனால் அந்தக் கொசு பெரும்பாலும் எங்கே பெருகுகிறது? நம் வீட்டு முற்றத்தில்தான். மூடாத தொட்டி, ஒதுக்கிப் போட்ட டயர், கொட்டாங்கச்சி, பூந்தொட்டியின் தட்டு, குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னாலிருக்கும் தட்டு ஆகியவற்றில் தேங்கும் நல்ல தண்ணீரில் அது முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமைக் குளிப்புக்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி வேலை முடிந்தது. இதைச் செய்யாமல் மையவாடி மரத்தின் மேல் பழியைப் போட்டோமே, அதுதான் நாம் செய்த அநீதி.

மரப் பொந்திலும் டெங்குக் கொசு வளரும் என்பது உண்மை. வீட்டையொட்டி நிற்கும் மரத்தில் பொந்து இருந்தால், மண்ணெண்ணெய் வேண்டாம். மரத்தை வெட்டவும் வேண்டாம். மழைக்கு முன்னாலேயே, பொந்து காய்ந்திருக்கும்போது, மணலைப் போட்டு நிரப்பிவிடுங்கள். தண்ணீர் தேங்காது, கொசுவுக்கு இடமில்லை, மரமும் பிழைக்கும். ஆட்கள் குடியிருக்கும் இடத்தைவிட்டு வெகுதூரத்தில், தோட்டத்தின் கோடியிலோ மலையடிவாரத்திலோ நிற்கும் முதிய மரத்தை அதன்பாட்டுக்கு விட்டுவிடுங்கள். அளவறிந்து செய்வதே அழகு. ஸூரத்துர் ரஹ்மானில், வானத்தை உயர்த்திய இறைவன் தராசையும் வைத்தான், அந்தத் தராசில் வரம்பு மீறாதீர்கள் என்று எச்சரிக்கிறான். அந்தத் தராசு கடைத்தெருவுக்கு மட்டுமல்ல. கொசுவுக்கும் ஈக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லும்போதும் நம் கையில் இருக்க வேண்டும்.

வீட்டிலும் தோட்டத்திலும்

வீட்டுக் கொல்லையில் அவரைப் பந்தல் போட்டிருக்கும் சகோதரிகளே! கொழுந்தில் அசுவினி அப்பியிருந்தால் உடனே மருந்துப் போத்தலை எடுக்காதீர்கள். முதலில் குனிந்து பாருங்கள். அசுவினிக் கூட்டத்தின் நடுவே, கால் இல்லாமல், தலைப்பக்கம் கூர்ந்து, சின்ன அட்டை போல் பசிய நிறத்தில் ஒரு புழு நெளிகிறதா? அதை நசுக்கிவிடாதீர்கள். அதுதான் பூ ஈயின் குஞ்சு. உங்கள் அவரைக்கு அல்லாஹ் அனுப்பிய காவல்காரன். அது இருக்கும் கொழுந்தை விட்டுவிட்டு, மற்றவற்றில் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியைக் கழுவிவிட்டாலே பல வேளைகளில் போதும்.

சூரியகாந்தி போட்டிருக்கும் விவசாயச் சகோதரர்களுக்கும் ஒரு சொல். தேனீயும் ஈயும் வராத தோட்டத்தில் பூ பெரிதாக இருக்கும். உள்ளே விதை பொக்காக இருக்கும். அதனால்தான் பூக்கும் காலத்தில் காலைப் பொழுதில் கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு பூவின் மேல் ஒத்தி ஒத்தி எடுக்க வேளாண்மைத் துறையினர் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்! இறைவனின் சிற்றுயிர் இலவசமாகச் செய்யும் வேலையை மனிதன் கூலி கொடுத்துக் கையால் செய்தாக வேண்டியிருக்கிறது. பூத்திருக்கும்போது பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தவிர்க்க முடியாமல் அடித்தே ஆக வேண்டுமென்றால், சொன்ன அளவுக்குமேல் போகாமல், தேனீயும் ஈயும் கூடு அடைந்த பிறகு சாயங்காலத்தில் அடியுங்கள்.

மரம் நடுவதும் ஸதகாதான். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவனுக்குத் தருமமாக எழுதப்படும் என்பது நாயக வாக்கு. கியாமத் நாள் வந்துவிட்ட போதிலும், கையில் ஒரு கன்று இருந்து நட முடியுமானால் நட்டுவிடுமாறும் அண்ணலார் (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். ஆனால் கன்று நடுவது மட்டும் போதாது என்பதைத்தான் பைன் காட்டு ஈ சொல்கிறது. நூறு கன்று நடலாம்; நூறு வருஷத்து மரத்தை நட முடியுமா? திருநெல்வேலி - தென்காசிச் சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தியபோது, நம் பாட்டனார் காலத்தில் நிழல் தந்த மரங்கள் பல போய்விட்டன. சாலை வேண்டியதுதான், விபத்தில் உயிர் போகாமலிருப்பதும் பெரிதுதான். போனவற்றை இனி எண்ணிப் பயனில்லை. மிஞ்சி நிற்கும் முதியவர்களை, மனிதரிலும் சரி, மரத்திலும் சரி, ‘இனி இவரால் என்ன வருமானம்?’ என்று கணக்குப் பார்த்து ஒதுக்கும் புத்தியைத்தான் நாம் விட வேண்டும்.

மனிதரிலும் என்று சொன்னது தெரிந்தே சொன்னது. வீட்டு மூலையில் கட்டிலில் கிடக்கும் பெரியவரும் ஒரு வகையில் பட்ட மரம்தான். அவர் சம்பாதிப்பதில்லை, உளுத்துப் போனார் என்று எண்ணுகிறோம். ஆனால் அவருடைய துஆவின் நிழலில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று அந்தக் கட்டில் போன பிறகுதான் தெரியவரும்.

அந்தப் புளியமரம்

மையவாடி மரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாம் ஜமாஅத்தாரிடம் போய், முன்னர் சொன்ன யோசனை தவறு என்று ஒப்புக்கொண்டோம். சிலர் சிரித்தார்கள், ‘புழுவுக்காகவா சுவரை விடச் சொல்கிறீர்கள்?’ என்று ஒருவர் கேட்கவும் செய்தார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஜனாஸாவைக் கொண்டு வருகிறவர்கள் தலைமேல் காய்ந்த கிளை விழுந்துவிட்டால் யார் பொறுப்பு? ஆகவே ஆபத்தான கிளைகள் மட்டும் இறக்கப்பட்டன. விறகு விற்ற பணத்தில் சுவரின் ஒரு பக்கம் எழும்பிற்று. பாதையோரத்துப் பொந்தில் மணல் நிரப்பப்பட்டது. மற்றப்படி அடிமரம் அப்படியே நிற்கிறது. சுவரின் மீதிப் பக்கம் இன்னும் பாக்கிதான். அதற்கும் வழி பிறக்கும், இன்ஷா அல்லாஹ்.

ஜியாரத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த மரத்தடியில் சற்று நிற்கிறோம். சுற்றிலும் மண்ணுக்குள் நம் முன்னோர்கள். நடுவே பட்ட மரம். அதன் மேல் பக்கத்துப் பொந்தில், நம் கண்ணுக்குத் தெரியாமல், ஏதோ ஒரு சமுதாயம் தன் ரப்பைத் துதித்துக்கொண்டிருக்கிறது. நாளை நாமும் அந்த மண்ணுக்குள் போவோம். நம் உடலும் உளுக்கும். உளுத்தவற்றின் மேல் நாம் காட்டிய இரக்கம் அன்று நமக்குத் துணை வருமல்லவா?

யா அல்லாஹ்! நீ படைத்த எதையும் வீணுக்குப் படைக்கவில்லை என்பதை எங்கள் உள்ளத்தில் பதிய வைப்பாயாக! நாங்கள் அறிந்தும் அறியாமலும் சிற்றுயிர்களுக்குச் செய்த தீங்குகளை மன்னிப்பாயாக! எங்கள் பிள்ளைகளை நோயிலிருந்தும், எங்கள் கைகளை அநீதியிலிருந்தும் காப்பாயாக! எங்கள் வீட்டு முதியவர்களையும், எங்கள் ஊர் முதிய மரங்களையும் மதிக்கும் நற்பேற்றைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.